பன்னிரண்டு மாதங்களுக்கு அப்பால்

கண்ணுக்குள் புற்றுக்கட்டி என்றால் அந்தக் கண்ணை எடுத்துவிட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இதுவே மருத்துவ விதி. பார்வை போனால் போகட்டும், உயிர் மிஞ்சும் என்று மருத்துவர்கள் நம்பினார்கள், நோயாளிகளையும் நம்பவைத்தார்கள். 1978இல் அமெரிக்காவின் கண் நோய்க்குறியியல் வல்லுநர் லோரன்ஸ் சிம்மர்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் சங்கடமான ஒரு கேள்வியை எழுப்பினார்கள். கண்ணை எடுத்த ஓரிரு ஆண்டுகளில் இறப்புகள் ஏன் உச்சத்தைத் தொடுகின்றன? அறுவை சிகிச்சையின்போது கட்டி நசுங்கி, புற்றுச் செல்கள் இரத்தத்தில் கலந்துவிடுகின்றனவா?

விடை தேட அமெரிக்காவிலும் கனடாவிலும் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு பெரும் ஆய்வைத் தொடங்கின. நடுத்தர அளவுக் கட்டி கொண்ட 1317 பேர் 1987 முதல் 1998 வரை அதில் சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குக் கண் அகற்றப்பட்டது. மீதிப் பேருக்கு, கதிரியக்க அயோடின் 125 பதித்த ஒரு சிறு தகடு கண்ணின் வெளிச்சுவரில் சில நாட்கள் தைத்து வைக்கப்பட்டு, கட்டி கதிர்வீச்சால் கருக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, கண் அகற்றப்பட்டவர்களில் 41 சதவீதத்தினரும் தகடு வைக்கப்பட்டவர்களில் 43 சதவீதத்தினரும் ஏதாவதொரு காரணத்தால் இறந்திருந்தார்கள். இந்த இரண்டு சதவீத இடைவெளிக்குப் புள்ளியியல் மதிப்பு எதுவும் இல்லை.

அறுவை சிகிச்சை நோயைப் பரப்பவில்லை என்பது உறுதியானது. கண்ணைக் காப்பாற்றிக்கொண்டே சிகிச்சை செய்யலாம் என்பதும் உறுதியானது. இந்த முடிவுகளுக்குள் மறைந்திருந்த மூன்றாவது செய்திதான் இந்த அத்தியாயத்தின் பொருள். கண்ணில் இருக்கும் கட்டியை எந்த முறையில் அழித்தாலும் இறப்பு விகிதம் மாறவில்லை என்றால், உயிரைப் பறிக்கும் செல்கள் அதற்கு முன்பே கண்ணை விட்டுப் போய்விட்டன.

கண்ணிலிருந்து கல்லீரலுக்கு

கண்ணின் நடு அடுக்குக்கு யூவியா என்று பெயர். முன்புறம் தெரியும் நிற வளையமான ஐரிஸ், அதன் பின்னே சிலியரி உடலம், விழித்திரைக்கு அடியில் விரிந்திருக்கும் கோராய்டு என்னும் இரத்தநாளப் படலம், இந்த மூன்றும் சேர்ந்ததே அது. நிறமி தயாரிக்கும் மெலனோசைட் செல்கள் இங்கே நிறைந்திருக்கின்றன. அந்தச் செல்கள் கட்டுப்பாடு இழந்து பெருகும்போது உண்டாவதுதான் கண் மெலனோமா. பெரும்பாலும் கோராய்டில்தான் வருகிறது.

அரிய நோய் இது. அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு வருகிறது. ஐரோப்பாவின் வடகோடியில் கூடுதல், தென்கோடியில் குறைவு. வெளிர்நிறக் கண்களும் வெளிர்நிறத் தோலும் கொண்டவர்களை அதிகம் தாக்குகிறது. இந்தியாவில் இன்னும் அரிது.

கண்ணுக்குள் நிணநீர் நாளங்கள் கிடையாது. அதனால் இந்தப் புற்று பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போவதில்லை. இரத்தத்தின் வழியாகவே வெளியேறுகிறது. பரவியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது போய் அமரும் இடம் கல்லீரல். நோய் கண்டறியப்படும் நாளில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் நூறில் மூன்று நான்கு பேருக்கு மேல் கல்லீரலில் எதுவும் தெரியாது. ஆனால் காலப்போக்கில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அங்கே கட்டிகள் தோன்றுகின்றன.

இடைப்பட்ட காலத்தில் அந்தச் செல்கள் என்ன செய்துகொண்டிருந்தன? பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் டெரோ கிவெலாவின் குழு, கல்லீரல் கட்டிகள் இரட்டிப்பாக எவ்வளவு காலம் பிடிக்கிறது என்று அளந்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டது. பெரும்பாலான பரவல்கள், கண் கட்டிக்குச் சிகிச்சை நடப்பதற்கு ஐந்தாண்டு வரை முன்னதாகவே தொடங்கியிருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தது. நோயாளி முதன்முதலில் கண் மருத்துவரிடம் போகும்போதே செல்கள் சிறு அளவில் கல்லீரலில் குடியேறி இருந்திருக்கலாம். எந்த ஸ்கேனுக்கும் சிக்காத அளவு அது.

அந்தச் செல்கள் எவ்வளவு காலம் அடங்கிக் கிடக்கும் என்பதற்கும் அதே குழு விடை தந்தது. 1962 முதல் 1981 வரை சிகிச்சை பெற்ற 289 பேரை அவர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார்கள். ஐந்தாண்டுகளில் 31 சதவீதத்தினர் இந்தப் புற்றால் இறந்தார்கள். பதினைந்து ஆண்டுகளில் 45 சதவீதம், இருபத்தைந்து ஆண்டுகளில் 49 சதவீதம், முப்பத்தைந்து ஆண்டுகளில் 52 சதவீதம். கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் அந்தக் கோடு முற்றிலும் தட்டையாகவில்லை.

யாருக்கு எப்போது பரவும் என்பதை ஓரளவு மரபணுக்கள் சொல்கின்றன. இந்தக் கட்டிகளில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை ஜி.என்.ஏ.க்யூ. அல்லது ஜி.என்.ஏ. 11 என்ற மரபணுவில் ஏற்படும் பிழையோடு தொடங்குகின்றன. 2009, 2010ஆம் ஆண்டுகளில் இது தெரியவந்தது. ஆனால் பரவும் ஆபத்தைத் தீர்மானிப்பது அதற்குப் பிறகு நேரும் இரண்டாவது பிழை. மூன்றாம் குரோமோசோமில் ஒரு பிரதி தொலைந்து, மிஞ்சிய பிரதியில் பி.ஏ.பி. 1 மரபணுவும் பழுதானால் ஆபத்து மிக அதிகம், அதுவும் விரைவில். எஸ்.எஃப். 3 பி. 1 என்ற மரபணு பழுதானவர்களுக்குப் பரவல் பெரும்பாலும் தாமதமாக வருகிறது. இ.ஐ.எஃப். 1 ஏ.எக்ஸ். பழுதானவர்களுக்கு அரிதாகவே பரவுகிறது.

எங்கிருந்து எண்ணுவது?

நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸுக்கு 2005 டிசம்பரில் கண் மெலனோமா கண்டறியப்பட்டது. அப்போது அவருக்கு 72 வயது. கதிர்வீச்சும் லேசரும் கட்டியை ஒழித்தன. அந்தக் கண்ணின் பார்வையும் போனது. ஒன்பது ஆண்டுகள் அவர் நலமாக இருந்தார், புத்தகங்கள் எழுதினார். 2015 ஜனவரியில் கல்லீரல் முழுவதும் கட்டிகள் தெரிந்தன. பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் இதழில் தன் நிலையை உலகுக்குச் சொன்னார். கல்லீரல் கட்டிகளுக்குப் போகும் இரத்தத்தை அடைக்கும் சிகிச்சை எடுத்துக்கொண்டார். ஏப்ரலில் அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. ஆகஸ்ட் 30 அன்று காலமானார்.

சாக்ஸ் எவ்வளவு காலம் வாழ்ந்தார்? கண் கட்டி தெரிந்த நாளிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ பத்தாண்டுகள். கல்லீரல் கட்டி தெரிந்த நாளிலிருந்து எண்ணினால் எட்டு மாதங்கள். இரண்டும் ஒரே மனிதரின் கதை. பரவிய கண் மெலனோமாவைப் பற்றி இணையத்திலோ மருத்துவரிடமோ ஓர் எண்ணைக் கேட்கும் எவரும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்த எண் எங்கிருந்து தொடங்குகிறது?

அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எண் ஒன்றுண்டு. கிவெலாவின் குழு 2019இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பல நாடுகளின் 78 ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து 2494 நோயாளிகளின் தரவுகளைத் திரட்டியது. பரவல் தெரிந்த பிறகான வாழ்நாளின் இடைநிலை அளவு 1.07 ஆண்டு, அதாவது ஏறக்குறைய 13 மாதங்கள். 'பரவிவிட்டால் ஒரு வருடம்' என்று காதில் விழும் வாக்கியத்தின் வேர் இதுபோன்ற எண்களில்தான் இருக்கிறது.

இடைநிலை அளவு என்பது கெடு நாள் அல்ல. நூறு நோயாளிகளை அவர்கள் வாழ்ந்த கால வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் எத்தனை மாதம் வாழ்ந்தார் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அவருக்கு அந்தப் பக்கம் ஐம்பது பேர் நிற்கிறார்கள். அவர்களில் சிலர் பதினான்கு மாதங்கள், சிலர் மூன்றாண்டுகள், வெகு சிலர் பத்தாண்டுகள்கூட வாழ்ந்திருப்பார்கள். வரிசையில் ஒருவர் எங்கே நிற்கக்கூடும் என்பதைச் சில குறிகள் உணர்த்துகின்றன: கல்லீரலில் உள்ள மிகப் பெரிய கட்டியின் அளவு, இரத்தத்தில் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியின் அளவு, நோயாளி தன் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்கிறாரா என்பது. மூன்று சென்டிமீட்டருக்குள் ஒரே ஒரு கட்டியோடு நடமாடுபவருக்கும், எட்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிகளோடு படுக்கையில் இருப்பவருக்கும் ஒரே எண்ணைச் சொல்வது அறிவியலும் ஆகாது, அன்பும் ஆகாது.

நீளும் எண், நீளாத ஆயுள்

எண்களுக்குள் இன்னொரு பொறியும் இருக்கிறது. 1317 பேர் கலந்துகொண்ட அந்த ஆய்வையும் உள்ளடக்கிய ஆய்வுத் திட்டத்தில், பரவல் தெரிந்த ஓராண்டுக்குள் 80 சதவீதத்தினர் இறந்துவிட்டார்கள். இரண்டாண்டுக்குள் 92 சதவீதம். இன்றைய ஆய்வுகளில், பழைய சிகிச்சைகளைப் பெற்றவர்கள்கூட ஓராண்டு முடிவில் பாதிக்கு மேல் உயிரோடு இருக்கிறார்கள். அப்படியானால் மருத்துவம் பாதி வெற்றி பெற்றுவிட்டதா?

அவசரப்படக் கூடாது. அன்று கண் சிகிச்சை முடிந்தவர்களுக்கு இரத்தப் பரிசோதனையே முக்கியக் கண்காணிப்பு. கட்டி பெரிதாகி அறிகுறி காட்டிய பிறகே பலருக்கும் தெரியவந்தது. இன்று ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர் கட்டியே பிடிபட்டுவிடுகிறது. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் விழுப்புரத்தில் ஏறியவர் செங்கல்பட்டில் ஏறியவரைவிட அதிக நேரம் பயணம் செய்கிறார். ஆனால் வண்டி எழும்பூருக்கு வந்து சேரும் நேரம் இருவருக்கும் ஒன்றுதான். பரவலை எட்டு மாதம் முன்னதாகக் கண்டுபிடித்தாலே, சிகிச்சை எதுவும் பலிக்காவிட்டாலும், 'பரவலுக்குப் பின் வாழ்நாள்' எட்டு மாதம் நீண்டதாகக் கணக்கில் ஏறும்.

இந்தப் பொறியைத் தவிர்க்க, எண்ணத் தொடங்கும் புள்ளியை மாற்றிப் பார்க்கலாம். கண் கட்டி கண்டறியப்பட்ட நாளிலிருந்து கணக்கிட்ட அமெரிக்கப் புள்ளிவிவரம், ஐந்தாண்டு வாழ்நாள் விகிதம் 1973 முதல் 2008 வரை 81 சதவீதத்தை ஒட்டியே அசையாமல் நின்றதைக் காட்டியது. கண்ணைக் காப்பதில் மருத்துவம் மகத்தான முன்னேற்றம் கண்ட அதே 35 ஆண்டுகள்தான் அவை.

முன்கூட்டிக் கண்டுபிடிப்பது வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. கட்டி சிறிதாக, எண்ணிக்கையில் குறைவாக இருக்கும்போது அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு இருக்கிறது. மருந்து ஆய்வுகளில் சேரவும் முடிகிறது. ஆனால் ஒரு சிகிச்சை உண்மையில் ஆயுளை நீட்டுகிறதா என்று அறிய, பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட்டால் போதாது. ஒரே காலத்தில், ஒரே மாதிரியான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, இரண்டையும் அருகருகே எண்ண வேண்டும். இந்த நோயில் அந்தத் தேர்வை எழுதிய மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன.

தோலில் வென்றது கண்ணில் தோற்றது

தோலில் வரும் மெலனோமாவின் கதை 2011க்குப் பிறகு தலைகீழாக மாறியது. நோய் எதிர்ப்புச் செல்களின் தடைகளை விடுவிக்கும் இபிலிமுமாப், நிவோலுமாப் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பெற்ற முற்றிய தோல் மெலனோமா நோயாளிகளில் 43 சதவீதத்தினர் பத்தாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். அதே இணை கண் மெலனோமாவில் பத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு மட்டுமே கட்டியைச் சுருக்கியது.

காரணம் இரண்டின் பிறப்பிலேயே இருக்கிறது. தோல் மெலனோமாவை உருவாக்குவது வெயில். புற ஊதாக் கதிர் அந்தச் செல்களின் டி.என்.ஏ.வில் ஆயிரக்கணக்கான பிழைகளைப் பதிக்கிறது. அவற்றில் சில அந்நியப் புரதங்களை உண்டாக்க, எதிர்ப்புச் செல்கள் அவற்றைக் கண்டு பாய்கின்றன. கோராய்டோ கண்ணின் பின்புறம், வெயில் அதிகம் எட்டாத இடம். அங்கே பிறக்கும் புற்றில் பிழைகள் மிகக் குறைவு. அது உடலின் சொந்தச் செல்லைப் போலவே தோற்றமளிக்கிறது. தடைகளை விடுவித்தாலும் எதிர்ப்புச் செல்களுக்குத் தாக்க அடையாளம் கிடைப்பதில்லை. தோல் மெலனோமாவில் பாதிப் பேருக்குப் பயன்படும், பி.ராஃப் என்ற மரபணுவின் பிழையைக் குறிவைக்கும் மாத்திரைகளும் இங்கே உதவாது. அந்தப் பிழையே இங்கு இல்லை.

அடையாளத்தைக் கொடுத்த மருந்து

அடையாளம் இல்லையென்றால் ஒன்றைக் கொடுத்தால் என்ன? இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்தைச் சேர்ந்த இம்யூனோகோர் நிறுவனம் இந்த யோசனையை மருந்தாக்கியது. அதன் பெயர் டெபென்டாஃபஸ்ப்.

மெலனோசைட் செல்கள் ஜி.பி. 100 என்ற புரதத்தைத் தயாரிக்கின்றன. கண் மெலனோமா செல்களிலும் அது ஏராளம். ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை எச்.எல்.ஏ. எனப்படும் மூலக்கூறில் ஏந்தி வெளியே காட்டும். டெபென்டாஃபஸ்பின் ஒரு முனை, எச்.எல்.ஏ. ஏ 02:01 வகை ஏந்திக் காட்டும் ஜி.பி. 100 துணுக்கை இறுகப் பற்றுகிறது. மறுமுனை, அருகில் போகும் டி செல் என்னும் நோய் எதிர்ப்புச் செல்லைப் பிடித்து இழுத்துத் தூண்டுகிறது. அந்த டி செல் எந்த நோயை எதிர்க்கப் பிறந்ததாக இருந்தாலும் சரி, இப்போது அதன் முன்னே நிற்பது புற்றுச் செல்.

378 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2021 செப்டம்பரில் வெளிவந்தது. மூன்றில் இரண்டு பங்கினர் டெபென்டாஃபஸ்ப் பெற்றார்கள். மற்றவர்களுக்கு மருத்துவரின் தேர்வுப்படி, பெரும்பாலும் நிவோலுமாப் போன்றே தடையை விடுவிக்கும் பெம்புரோலிசுமாப் தரப்பட்டது. ஓராண்டு முடிவில் புதிய மருந்துக் குழுவில் 73 சதவீதத்தினரும் ஒப்பீட்டுக் குழுவில் 59 சதவீதத்தினரும் உயிரோடு இருந்தார்கள். மூன்றாண்டு முடிவில் 27 சதவீதம், 18 சதவீதம். இடைநிலை அளவு 21 மாதங்களைத் தாண்டியது. ஒப்பீட்டுக் குழுவில் அது 16, 17 மாதங்கள். பரவிய கண் மெலனோமாவில் குலுக்கல் முறை ஆய்வு ஒன்றில் ஆயுளை நீட்டிக் காட்டிய முதல் மருந்து இதுவே. 2022 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொரு எண். டெபென்டாஃபஸ்ப் பெற்றவர்களில் 9 சதவீதத்தினருக்கு மட்டுமே ஸ்கேனில் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. புற்று மருந்துகளை எடைபோடும் வழக்கமான அளவுகோலில் இது தோல்வி. கட்டி வளர்ந்ததாகவே ஸ்கேன் சொன்ன நோயாளிகளும் ஒப்பீட்டுக் குழுவில் உள்ள அதே நிலையினரைவிட நீண்ட காலம் வாழ்ந்தார்கள். கட்டியின் அளவு ஒன்றைச் சொல்கிறது, ஆயுள் இன்னொன்றைச் சொல்கிறது.

இதன் எதிர்முனையில் ஒரு சுவீடன் ஆய்வு நிற்கிறது. கல்லீரலின் இரத்த ஓட்டத்தை உடலிலிருந்து தனியாகப் பிரித்து, மெல்ஃபலான் என்ற கீமோதெரபி மருந்தை மிக அதிக அளவில் அதற்குள் மட்டும் செலுத்தினார்கள். 40 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. வழக்கமான சிகிச்சையில் 4.5 சதவீதம். ஆனால் மொத்த ஆயுளில், 21.7 மாதங்களுக்கும் 17.6 மாதங்களுக்கும் இடையிலான வேறுபாடு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. சிறிய ஆய்வு என்பதால் பயனில்லை என்று தீர்த்துவிட முடியாது. இதே முறையை, அறுவை சிகிச்சை இல்லாமல் குழாய்களின் வழியே செய்யும் வடிவத்துக்கு 2023இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

கட்டியின் அளவை நம்ப முடியாவிட்டால் எதை நம்புவது? இறக்கும் புற்றுச் செல்கள் தங்கள் டி.என்.ஏ. துணுக்குகளை இரத்தத்தில் விடுகின்றன. ஜி.என்.ஏ.க்யூ. போன்ற பிழைகளைத் தாங்கிய அந்தத் துணுக்குகளை இரத்த மாதிரியிலிருந்து எண்ண முடியும். டெபென்டாஃபஸ்ப் தொடங்கிய ஒன்பதாம் வாரத்துக்குள் அந்த எண்ணிக்கை எவ்வளவு விழுகிறதோ அந்த அளவுக்கு ஆயுள் நீள்கிறது. ஸ்கேனில் கட்டி வளர்ந்தவர்களிடமும் இது காணப்பட்டது. மருந்து வேலை செய்கிறதா என்பதை நிழற்படத்தைவிட இரத்தம் சரியாகச் சொல்லும் காலம் நெருங்கியிருக்கிறது.

இந்த மருந்துக்கு எல்லைகள் உண்டு. வாரந்தோறும் நரம்பு வழியே ஏற்ற வேண்டும். முதல் மூன்று முறை இரவு முழுவதும் மருத்துவமனையில் கண்காணிப்பு வேண்டும். பெரும்பாலானவர்களுக்குக் காய்ச்சலும் பலருக்கு இரத்த அழுத்தச் சரிவும் வருகின்றன. தோலிலும் மெலனோசைட் உண்டு என்பதால் உடல் முழுவதும் தடிப்பு எழும். எல்லாவற்றுக்கும் மேலாக, எச்.எல்.ஏ. ஏ 02:01 வகை இல்லாதவருக்கு இது பயன்படாது. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் அந்த வகை இருக்கிறது. இந்தியர்களிடம் அது குறைவு. அதன் உறவுக்கார வகையான 02:11 நம்மிடையே அதிகம். யாருடைய உடலை மனதில் வைத்து மருந்து வடிவமைக்கப்படுகிறது என்பதும் ஆயுளைத் தீர்மானிக்கும் காரணிகளில் ஒன்று.

எச்.எல்.ஏ. வகையைப் பொருட்படுத்தாமல் வேலை செய்யும் வழிகளும் ஆய்வில் உள்ளன. ஜி.என்.ஏ.க்யூ. பிழையால் ஓயாமல் எரியும் புரத கைனேஸ் சி என்ற விசையை அணைக்கும் டாரோவாசெர்டிப் மாத்திரை அவற்றில் முன்னணியில் இருக்கிறது. கட்டிக்குள் ஏற்கெனவே ஊடுருவிய டி செல்களை வெளியே எடுத்துப் பெருக்கித் திருப்பிச் செலுத்தும் முறையை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 20 பேரிடம் சோதித்தது. ஏழு பேருக்குக் கட்டி சுருங்கியது.

இன்று ஒருவருக்குக் கல்லீரலில் பரவல் தெரியவந்தால், அவரும் குடும்பத்தாரும் மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்விகள் உள்ளன. நீங்கள் சொல்லும் மாதக் கணக்கு எந்த ஆண்டு நோயாளிகளுடையது? கட்டியின் அளவிலும் உடல்நிலையிலும் அவர்கள் என்னைப் போன்றவர்களா? மூன்றாண்டு தாண்டியவர்கள் எத்தனை சதவீதம்? என் எச்.எல்.ஏ. வகை என்ன? என் கட்டிகளை அறுவை சிகிச்சையால் எடுக்க முடியுமா, கல்லீரலுக்கு மட்டுமான சிகிச்சை பொருந்துமா? நான் சேரக்கூடிய மருந்து ஆய்வு எங்கே நடக்கிறது? 2015இல் இந்தக் கேள்விகளில் பலவற்றுக்குப் பதிலே கிடையாது. இப்போது ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு. அந்தப் பதில்கள் ஒருவரின் சிகிச்சையை மாற்றக்கூடியவை.

அடுத்த பெரிய முயற்சி ஐரோப்பாவில் தொடங்கியிருக்கிறது. கண் கட்டிக்குச் சிகிச்சை முடிந்து, பரவும் ஆபத்து அதிகம் என்று கணிக்கப்பட்ட, ஆனால் ஸ்கேனில் இன்னும் எதுவும் தெரியாத நோயாளிகளுக்கு டெபென்டாஃபஸ்ப் கொடுத்துப் பார்க்கிறார்கள். கல்லீரலில் புற்றுச் செல்கள் மிகக் குறைவாக இருக்கும்போதே டி செல்களை அங்கே அனுப்புவதுதான் நோக்கம். அது பலித்தால், பரவலுக்குப் பிறகு எத்தனை மாதங்கள் என்று எண்ணுவதற்குப் பதிலாக, பரவலே தெரியவராத ஆண்டுகளை எண்ணத் தொடங்கலாம்.